யந்திரம் யார் பக்கம்?

தோழர்களே,

சில மாதங்களுக்கு முன் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருவர் கேள்வித்தாள் கட்டோடு தெருத் தெருவாக வந்துகொண்டிருந்தார். அந்த வீட்டுப் பெரியவரிடமும் வந்து உட்கார்ந்தார்.

"ஐயா, ஜக்கார்டைக் காலால் மிதித்துத் தூக்காமல் மோட்டார் வைத்துத் தூக்கும் சாதனம் வந்திருக்கிறதே. அதை வரவேற்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா?"

தாளில் இரண்டே கட்டம். ஒன்றில் கோடு போட்டால் வேலை முடிந்தது.

பெரியவர் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "ஏம்மா, நாப்பது வருஷமா மிதிச்ச காலு இது. மோட்டார் வந்தா வேணாம்னா சொல்லப் போறேன்? ஆனா அதை யார் பேர்ல வாங்கறது? கடன் என் பேர்லயா, முதலாளி பேர்லயா? மூணு நாள் முன்னாடியே சேலையை அறுத்துக் குடுத்தா அந்த மூணு நாள் எனக்கா, அவருக்கா? வேலை சுளுவாப் போச்சுன்னு கூலியைக் கொறைப்பாரா? இதுக்கெல்லாம் பதில் சொல்லு. அப்புறம் நான் ஆமாவா இல்லையான்னு சொல்றேன்."

அந்தப் பெண் நேர்மையானவர். கட்டத்தில் கோடு போடவில்லை. தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் பெரியவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.

தொழில்நுட்பம், ஸ்தாபனம், அரசியல், சமுதாயம் ஆகிய நான்கையும் சேர்த்து ஆராயும் சமூக விஞ்ஞானம் என்று ஒன்று உண்டு. பெரிய பெரிய புத்தகங்கள் வந்திருக்கின்றன. ஆனால் அதன் சாரம் அந்தத் தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது. யந்திரம் ஒருபோதும் தனியாக வருவதில்லை. யார் கட்டளையிடுவது, யார் கணக்கு எழுதுவது, யார் கடன்படுவது, யார் மிச்சத்தை எடுத்துப்போவது என்ற ஏற்பாட்டையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. நாம் கேள்வி கேட்க வேண்டியது அந்த ஏற்பாட்டை.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன்? நம்மிடையே இரண்டு தவறான எண்ணங்கள் இருக்கின்றன. "யந்திரம் வந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது, காலத்தின் கோலம்" என்பது ஒன்று. "யந்திரமே எதிரி, உள்ளே விடாதே" என்பது மற்றொன்று. இரண்டும் முதலாளிக்கே உதவுகின்றன. முதலாவது நம் வாயை அடைக்கிறது. இரண்டாவது, சண்டையை இரும்போடு போடச் செய்து, இரும்பின் பின்னால் நிற்கும் ஆளைத் தப்பவிடுகிறது.

லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர்கள்

காஞ்சிபுரத்துத் தறிகளின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பிரான்சு தேசத்தில் பிறந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியோன் நகரத்தைச் சேர்ந்த ஜக்கார்டு என்பவர் அதை உருவாக்கினார். அட்டையில் துளை போட்டு, எந்த இழை எழ வேண்டும், எந்த இழை படுக்க வேண்டும் என்று கட்டளையிடும் பெட்டி அது. லியோனும் நம் ஊர் போலப் பட்டு நெய்யும் ஊர்தான்.

அங்கே ஏற்பாடு எப்படி இருந்தது? தறி நெசவாளர் வீட்டில், அவருடைய சொத்தாக இருந்தது. பட்டைக் கொடுப்பவன் வியாபாரி. நெய்ததை வாங்குகிறவனும் அவனே, கூலியை நிர்ணயிப்பவனும் அவனே. ஜக்கார்டு வந்தது. துணி அழகாயிற்று, உற்பத்தி பெருகிற்று. கூலியோ சரிந்தது. 1831-ல் நெசவாளர்கள் குறைந்தபட்சக் கூலி விகிதம் கேட்டார்கள். பேச்சு நடந்து விகிதம் முடிவாயிற்று. வியாபாரிகளில் பலர் அதற்குக் கட்டுப்பட மறுத்தார்கள். நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்து நகரத்தையே சில நாட்கள் தங்கள் கையில் வைத்திருந்தார்கள். சர்க்கார் பட்டாளத்தை அனுப்பியது. 1834-ல் மறுபடியும் எழுந்தார்கள். மறுபடியும் பட்டாளம் வந்தது.

கவனியுங்கள், தோழர்களே. அவர்கள் 1831-ல் ஜக்கார்டை உடைக்கக் கிளம்பவில்லை. கூலி விகிதத்தைக் கேட்டார்கள். தறி சொந்தமாக இருந்தும் அவர்கள் சுதந்திர மனிதர்களாக இல்லை. ஏன்? பட்டு அவர்களுடையது அல்ல, சந்தை அவர்களுடையது அல்ல, கணக்குப் புத்தகமும் அவர்களுடையது அல்ல.

பிள்ளையார்பாளையத்தில் இதைப் படித்துக் காட்டினேன். ஒருவர் உடனே கேட்டார்: "இது நம்ம கதைதானே, தோழர்? பேரு மட்டும்தானே வேற?"

அகமதாபாத் ஆலையில் ஒரு பரிசோதனை

"அது வீட்டுத் தறியின் கதை, ஆலையில் எப்படி?" என்று பஞ்சாலைத் தோழர்கள் கேட்கலாம். அதற்கும் நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது.

1951-ல் பிரிட்டனில் டிரிஸ்ட், பாம்ஃபோர்த் என்ற இருவர் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாம்ஃபோர்த் முன்னாள் சுரங்கத் தொழிலாளி. முன்பு சிறுசிறு குழுக்களாக, ஒருவருக்கொருவர் உதவி, எல்லா வேலையும் தெரிந்து கரி வெட்டிய தொழிலாளர்களைப் புது யந்திர முறை துண்டு துண்டாகப் பிரித்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு வேலை. யந்திரம் பெரிதாயிற்று, ஆனால் எதிர்பார்த்த பலன் வரவில்லை. மனிதர்களின் உறவை அறுத்துவிட்டு யந்திரத்தை மட்டும் பூட்டினால் வேலை ஓடாது என்பது அவர்கள் கண்ட உண்மை.

இவர்களைச் சேர்ந்த டாவிஸ்டாக் ஸ்தாபனத்திலிருந்து ரைஸ் என்ற ஆராய்ச்சியாளர் அகமதாபாத்துக்கு வந்தார். அழைத்தது காலிகோ ஆலை நிர்வாகம். அங்கே தானியங்கித் தறிகளைப் பூட்டியிருந்தார்கள். உற்பத்தி எதிர்பார்த்தபடி உயரவில்லை. ஒரு பகுதியில் 224 தறிகள், 29 தொழிலாளர்கள். அந்த 29 பேரை 12 வகை வேலைகளாகப் பிரித்திருந்தார்கள். ஒருவர் அறுந்த நூலை முடிவார், ஒருவர் கண்டு நிரப்புவார், ஒருவர் எண்ணெய் விடுவார், ஒருவர் பெருக்குவார். யார் யாருக்குக் கீழே, எந்தத் தறிக்கு யார் பொறுப்பு என்பது யாருக்கும் தெளிவாகத் தெரியாது. கோளாறு வந்தால் ஒருவர் மேல் ஒருவர் பழி.

1953-ல் மாற்று யோசனை வந்தது: 64 தறிகளுக்கு 7 பேர் கொண்ட ஒரு குழு. அந்தத் தறிகளுக்கு அந்தக் குழுவே பொறுப்பு. வேலையைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வதும் அவர்களே. யோசனை காதில் விழுந்ததும் தொழிலாளர்கள் காத்திருக்கவில்லை. யார் யாரோடு சேர்வது என்று தாங்களே குழுக்களை அமைத்துக்கொண்டார்கள். இது ரைஸையே ஆச்சரியப்படுத்தியது. ஆரம்பத் தடுமாற்றத்துக்குப் பின் உற்பத்தி உயர்ந்தது, சேதாரம் குறைந்தது. அதே தறி, அதே நூல், அதே தொழிலாளிகள். மாறியது ஏற்பாடு மட்டுமே!

நம் பக்கத்து ஆலைகளில் மேஸ்திரியும் மானேஜரும் "தொழிலாளிக்குப் பொறுப்பில்லை" என்று ஓயாமல் சொல்கிறார்களே, அவர்களுக்கு அகமதாபாத் பதில் சொல்லிவிட்டது. பொறுப்பைக் கொடுத்தால் தொழிலாளி ஏற்கிறான்.

ஆனால் கதையைப் பாதியில் நிறுத்தக் கூடாது. அந்த ஆய்வை அழைத்தது நிர்வாகம். ஆகவே "தறியை எப்படி நன்றாக ஓட்டுவது?" என்ற கேள்வி கேட்கப்பட்டது. "ஆலையை எப்படி நடத்துவது, லாபத்தை எங்கே போடுவது என்பதில் தொழிலாளிக்கு வாக்கு உண்டா?" என்ற கேள்வி கேட்கப்படவில்லை. 1980-களிலும் 1990-களிலும் அகமதாபாத்தின் பெரிய ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. காலிகோவும் தப்பவில்லை. பல்லாயிரம் தொழிலாளிகள் தெருவுக்கு வந்தார்கள். யான் பிரெமன் என்ற டச்சு ஆய்வாளர், வேலையிழந்த அந்த மக்கள் கூலி வேலைக்கும் தெரு வியாபாரத்துக்கும் தள்ளப்பட்ட வரலாற்றை 2004-ல் நூலாக வெளியிட்டார். 64 தறிகளை யார் எப்படி ஓட்டுவது என்று முடிவு செய்ய உரிமை பெற்ற மனிதனுக்கு, தறி ஓடுவதா நிற்பதா என்று சொல்லும் உரிமை இருக்கவில்லை.

தஞ்சையில் வந்த விதை

விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கும் இதே பாடம் உண்டு. 1960-களில் தஞ்சை ஜில்லா தீவிர விவசாயத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. புது விதை, ரசாயன உரம், பம்புசெட், கடன் எல்லாம் வந்தன. ஆடுதுறை 27 என்ற நெல்லைப் பழைய தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விளைச்சல் பெருகியது. அது நல்லது. சோறு வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

ஆனால் விதை வந்தபோது நிலம் யார் கையில் இருந்தது? மிராசுதார் கையில். பெருகிய நெல்லில் பங்கு கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு, கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்தன. கூலி உயர்வு கேட்டுச் சங்கமாகச் சேர்ந்த ஏழைத் தாழ்த்தப்பட்ட மக்களின் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும்தான் அவர்களில் பெரும்பாலோர். அதன்பின் 1969-ல் மத்திய சர்க்காரின் உள்துறை அமைச்சகமே கிராமப்புறக் கொந்தளிப்பின் காரணங்களை ஆராய்ந்தது. 1971-ல் பிரான்சின் ஃபிராங்கல் என்ற அமெரிக்க ஆய்வாளர் பசுமைப் புரட்சியைப் பற்றி எழுதிய நூலில், எடுத்துக்கொண்ட ஐந்து ஜில்லாக்களில் தஞ்சையும் ஒன்று. புது முறையின் பலன் பெரிய நிலக்காரர்களுக்கே அதிகம் போய்ச் சேர்ந்தது, ஏற்றத்தாழ்வு கூடிற்று என்று அவரும் எழுதினார். சமமில்லாத மண்ணில் விதைத்த புது விதை, சமமின்மையையும் சேர்த்தே விளைவித்தது.

கோர்வை நாடாவும் என் கையும்

இனி எங்கள் ஊருக்குத் திரும்புவோம்.

காஞ்சிபுரம் சேலைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தறியிலேயே இழைக்கு இழை பூட்டி நெய்வார்கள். அதற்கு மூன்று நாடா வேண்டும். நெசவாளி ஒருவரால் மூன்றையும் ஓட்டுவது கஷ்டம். பக்கத்தில் துணையாள் உட்கார்ந்து ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள வேண்டும்.

அந்தத் துணையாள் யார்? நான்தான்! ஒன்பது வயதில் அப்பாவின் தறியில் உட்கார்ந்தேன். அப்பா ஒரு முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தார். கடன் தீர்வதற்கு வேகமாக நெய்ய வேண்டும். துணையாளுக்குக் கூலி கொடுக்க வழியில்லை. விடியற்காலையில் நாடா, பிறகு பள்ளிக்கூடம், சாயங்காலம் மறுபடி நாடா. பத்தாம் வகுப்பு தேறினேன் என்றால் அது என் அம்மாவின் பிடிவாதம். என் வயதுப் பையன்களில் பலர் அடுத்தவர் தறிக்கு முன்பணத்துக்காக அனுப்பப்பட்டுப் பள்ளிக்கூடத்தையே பார்க்கவில்லை. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-ல் சட்டம் வந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல் வந்தது. அதற்கும் பின்னால், 2003-ல், பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட குழந்தைகளைப் பற்றி ஒரு சர்வதேச மனித உரிமை அமைப்பு வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம் பெற்றது.

இன்று பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அது மகத்தான வெற்றி. ஒரு அங்குலம்கூடப் பின்வாங்கக் கூடாது. ஆனால் அதனால் என்ன நடந்தது? துணையாள் இல்லை. கோர்வைத் தறிகள் குறைந்து, ஒரே நாடாவில் நெய்யும் சேலைகள் பெருகிவிட்டன. "பார்த்தாயா, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினதால் கலை அழிந்தது" என்று பேசுகிறவர்கள் உண்டு. எவ்வளவு கொடுமையான பேச்சு! துணையாளுக்கும் முழுக்கூலி கொடுத்தால் பெரியவர்கள் உட்கார மாட்டார்களா? அழிந்தது கலை அல்ல. குழந்தையின் இலவச உழைப்பின் மேல் கட்டப்பட்ட கணக்குதான் அழிந்தது.

இங்கேதான் யந்திரத்துக்கு நல்ல வேலை இருக்கிறது. முழங்காலின் சுமையைக் குறைக்கும் சாதனம் வரட்டும். கரை நாடாவைத் தள்ளும் வேலையை எளிதாக்கும் சாதனம் வரட்டும். கம்ப்யூட்டரில் டிசைன் போடுவதை எங்கள் பெண்களும் கற்கட்டும். ஆனால் நம் முன் பெரும்பாலும் வந்து நிற்பது வேறு. காஞ்சிபுரம் என்ற பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, விசைத்தறியில் ஓட்டிய சேலையைக் கைத்தறிச் சேலை என்று விற்கிறார்கள். விசைத்தறித் தொழிலாளி நம் சகோதரன்; இரவு பகலாக நின்று ஓட்டும் அவனுக்கும் கூலி போதவில்லை. அவன் மேல் எங்களுக்குப் பகை இல்லை. பொய் முத்திரை குத்தி இரண்டு பேரையும் ஏய்க்கும் வியாபாரியைத்தான் கேட்கிறோம்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. சில ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-ல் சட்டம் வந்தது. முதலாளிகள் வழக்குப் போட்டும் 1993-ல் சுப்ரீம் கோர்ட் அது செல்லும் என்றது. ஆனால் 22 ரகமாக இருந்த பட்டியல் 11-ஆகச் சுருங்கியது. 2005-ல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரைக் காப்பாற்றச் சட்டம் வந்தது; அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்த கையைக் காப்பாற்றுவது யார்? 2009-10 கணக்கெடுப்பில் நாடெங்கும் 43 லட்சம் பேர் கைத்தறியில் இருந்தார்கள். 2019-20 கணக்கெடுப்பில் 35 லட்சம். அவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5000 ரூபாய்க்கும் குறைவான வருமானத்தில் இருப்பதாக அதே கணக்கெடுப்பு சொல்லிற்று. அதற்குப் பின் 2020-ல் மத்திய சர்க்கார் செய்த காரியம் என்ன? அகில இந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைத்தது!

கைத்தறி பழங்காலப் பொருள், மியூசியத்துக்குப் போக வேண்டியது என்பவர்களுக்கு ஆராய்ச்சியாளர்களே பதில் சொல்லியிருக்கிறார்கள். ஆந்திர நெசவாளர்களோடு பல ஆண்டு வேலை செய்த அன்னபூர்ணா மமிடிபுடி, தம் சக ஆய்வாளர்களோடு 2012-ல் எழுதிய கட்டுரையில் கைத்தறியை அறிவும் கருவியும் மனித உறவும் பின்னிய, நீடித்து நிற்கக்கூடிய ஒரு தொழில்நுட்பமாகக் காட்டினார். நாங்கள் சொல்வதும் இதுவே. நெசவாளி அனுதாபத்துக்குரிய பிராணி அல்ல. அவன் தொழில்நுட்பம் தெரிந்தவன்.

சங்கம் என்பது யார்?

லியோன் நெசவாளிக்குக் கிடைக்காத ஒன்று காஞ்சிபுரத்தில் இருக்கிறது. அது கூட்டுறவுச் சங்கம். பட்டும் ஜரிகையும் சங்கம் கொடுக்கிறது, சேலையைச் சங்கம் வாங்குகிறது, கூலிக்கு ஒரு விகிதம் இருக்கிறது. இதற்காகப் போராடியவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால் தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கங்கள் நெடுங்காலம் தேர்தலே நடக்காமல் தனி அதிகாரிகளின் கையில் கிடந்த வரலாறும் உண்டு. அங்கத்தினர் கேள்வி கேட்காத சங்கம், பெயர்ப் பலகை மாற்றிய முதலாளி கடையாகிவிடும். சங்கமும் ஒரு யந்திரமே. அதன் சாவி யாரிடம் என்று பார்க்க வேண்டும்.

நாமே ஆராய்வோம்

என்ன செய்யலாம்? ஒரு சம்பவம் சொல்கிறேன். 1970-களில் பிரிட்டனில் லூகாஸ் என்ற கம்பெனியின் விமானக் கருவித் தொழிற்சாலைகளில் ஆட்குறைப்பு வந்தது. தொழிற்சங்கப் பிரதிநிதிகள் கூடினார்கள். "எங்கள் திறமையை வைத்து ஜனங்களுக்குப் பயன்படும் எதைச் செய்யலாம்?" என்று 180 அறிஞர்களுக்கும் ஸ்தாபனங்களுக்கும் கடிதம் எழுதினார்கள். பதில் எழுதியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். பிறகு அதே கேள்வியைத் தங்கள் தொழிலாளர்களிடம் கேட்டார்கள். சுமார் 150 யோசனைகள் வந்து குவிந்தன. சிறுநீரக நோயாளிக்கான யந்திரம், காற்றாலை, ஊனமுற்ற குழந்தைக்கான வண்டி எல்லாம் அதில் இருந்தன. 1976-ல் அதைத் திட்டமாக வெளியிட்டார்கள். நிர்வாகம் நிராகரித்தது. ஆனால் என்ன யந்திரம் வேண்டும் என்று தொழிலாளியும் சொல்ல முடியும் என்பதை உலகம் பார்த்தது.

நாமும் செய்யலாம். ஆலையிலோ வயலிலோ தறியிலோ புதிதாக ஒன்று வரும்போது சங்கக் கூட்டத்தில் இந்தக் கேள்விகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

1. இது வேண்டும் என்று கேட்டது யார்?

2. விலை யார் கொடுப்பது, கடன் யார் பேரில்?

3. மிச்சமாகும் நேரமும் பணமும் யாருக்கு?

4. யாருடைய வேலை போகும்? அவருக்கு என்ன ஏற்பாடு? முதலில் போகிறவர் பெண்ணா, தாழ்த்தப்பட்டவரா என்றும் பாருங்கள்.

5. இதை நிறுத்தவோ மாற்றவோ நமக்கு உரிமை உண்டா?

பதிலை நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதுங்கள். கூலி எவ்வளவு, மணி எவ்வளவு, கடன் எவ்வளவு, தெருவில் எத்தனை தறி ஓடுகிறது, எத்தனை நிற்கிறது என்று கணக்கெடுங்கள். ஆய்வு செய்ய வரும் மாணவர்களை விரட்டாதீர்கள், உட்கார வைத்துப் பேசுங்கள். ஆனால் அவர்கள் எழுதியதை நமக்கும் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நம்மைப் பற்றிய அறிவு நம் கைக்குத் திரும்பி வர வேண்டும்.

சென்ற வாரம் அதே திண்ணைக்குப் போயிருந்தேன். பெரியவரின் பேத்தி ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு, தெருவில் ஓடும் தறியையும் நிற்கும் தறியையும் தனித்தனியே எழுதிக்கொண்டிருந்தாள். "தாத்தா சொன்னாரு, நம்ம கணக்கை நாமளே எழுதணும்னு" என்றாள்.

தோழர்களே, உங்கள் தெருவிலும் அந்த நோட்டைத் தொடங்குங்கள். யந்திரம் யார் பக்கமும் பிறப்பதில்லை. அது யார் பக்கம் நிற்கும் என்பதை நம் ஒற்றுமை முடிவு செய்யட்டும்!